நெய் பூசிய சன்னம்

கையில் ஒரு ஜாம் போத்தலோடு பஸ்ஸுக்கு நின்றேன். போத்தலுக்குள் ஜாம் இல்லை, நெய். நான் வீட்டில் காய்ச்சிய நெய்.

லண்டனில், நாங்கள் இருந்த தோர்ண்டன் ஹீத்தில் அன்று நல்ல வெயில். வெயிலைக் கண்டால் இந்த ஊர்ச் சனத்துக்குக் கலியாண வீடு மாதிரி. பஸ் தரிப்பில் நின்ற எல்லோருடைய முகத்திலும் சிரிப்பு. ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண் என் போத்தலையே பார்த்தாள். நெய் தண்ணீராய் உருகி அதற்குள் அங்குமிங்கும் ஆடியது. அது ஆட ஆட நான் பஸ் வரும் பக்கத்தை எட்டி எட்டிப் பார்த்தேன்.

காரணம் இதுதான். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் மிஸ்டர் ஹாப்கின்ஸ் அந்த நேரம் துவக்குச் சுடும் கிளப்பில் இருந்தார். அவரிடம் ஒரு பெட்டி நிறையச் சன்னம் இருந்தது. சன்னம் என்றால் துவக்கில், துப்பாக்கியில், போட்டுச் சுடுகிற ஈயக் குண்டு. அவ்வளவையும் வார்த்தது நான். வார்த்தபின் இந்த நெய்யைப் பூசியதும் நான். பூசியது அவருக்குத் தெரியாது. வெயிலுக்கு நெய் உருகி உள்ளே இறங்கியிருந்தால் அவருடைய ரிவோல்வர் கையிலேயே வெடிக்கலாம்.

ஆக, ஒரு மனிதருடைய கை அந்த பஸ் வருவதில் தங்கியிருந்தது. பஸ் வரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். நாலு பேர் நிற்கும் இடத்தில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்பவள். சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவள். நான் லண்டனில் ஆண்கள் சுடுகிற இடத்துக்கு நெய்ப் போத்தலோடு தனியாகப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? பின்னர் சொன்னபோது என் மகளே நம்பவில்லை. பஸ் வரும்வரை நேரம் இருக்கிறது, முதலில் இருந்து சொல்கிறேன்.

ரோசாச் செடியடியில்

எண்பதுகள் முடிகிற காலம். மகள் சாந்தியும் மருமகனும் மேல் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். கீழ் வீட்டில் மிஸ்டர் ஹாப்கின்ஸ் தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டா. பிள்ளைகள் இல்லை. அச்சுக்கூடத்தில் வேலைசெய்து இளைப்பாறியவர்.

நான் வந்து இரண்டாம் கிழமை. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டார்கள். உடுப்புக் காயப்போடப் பின் வளவுக்கு இறங்கினேன். அங்கே மர வாங்கின்மேல் ஒரு கிண்ணம். கிண்ணத்துக்குள் சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகள், ஐம்பது.

ஊரில் விடிய முற்றம் கூட்டும்போது நாங்கள் முதலில் தேடுவது குப்பையை அல்ல, கோதை. இரவு யார் யாரைச் சுட்டார்களோ, விடிய அதன் கோது எங்கள் முற்றத்தில் கிடக்கும். யாரும் வந்து பார்க்கமுன் அதைப் பொறுக்கிக் கிணற்றில் போட்டுவிட வேண்டும். "இது எப்படி உங்கட வளவுக்கு வந்தது?" என்ற கேள்விக்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது. எங்கள் ஒழுங்கையில் எல்லாப் பெண்களும் இப்படித்தான் கூட்டினோம்.

அதனால் கிண்ணத்தைக் கண்டதும் நான் யோசிக்கவில்லை, கை யோசித்தது. ஐம்பதையும் சாறித் தலைப்பில் அள்ளி, ரோசாச் செடியடியில் தோண்டிப் புதைத்தேன். காலால் மிதித்து மேலே தண்ணீரும் ஊற்றினேன். பாவம், நல்ல மனிதர், எவனோ கொண்டுவந்து அவருடைய வளவில் போட்டிருக்கிறான், கடவுளே என்று நான் கண்டேன் என்று நினைத்துக்கொண்டு மேலே போய்ச் சோறு சமைத்தேன்.

பின்னேரம் சாந்தி வந்து செருப்பைக் கழற்றமுன்னமே கேட்டாள்.

"அம்மா, கீழ அவரின்ர வெறுங் கோது ஐம்பது காணேல்லையாம். நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் காணேல்லை."

"அம்மா."

"கண்டனான்."

"இப்ப எங்க?"

"தாட்டுப்போட்டன்."

"என்னத்துக்கணை?"

"பொலிஸ் வந்தால்?"

சாந்தி கதிரையில் இருந்துவிட்டாள். "பொலிஸுக்குத் தெரியுமணை. அவரிட்ட லைசென்ஸ் இருக்கு. பொலிஸ்தான் வந்து அலுமாரிப் பூட்டைப் பாத்திட்டு, அவரிட்டையே தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போறது."

துவக்கு வைத்திருக்கிறவர் வீட்டில் பொலிஸ் தேத்தண்ணி குடிக்கிற நாட்டுக்கு வந்திருக்கிறேன் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. எயார்போட்டில் முத்திரை குத்தியபோது விளங்கவில்லை. (இப்போது அப்படி இல்லை. பிறகு தொண்ணூறுகளில் சட்டம் வந்து கைத்துவக்கு எல்லாவற்றையும் பொலிஸ் வாங்கிக்கொண்டது. நான் சொல்வது அதற்கு முந்தின கதை.)

அடுத்த நாள் கோதுகளைத் தோண்டி எடுத்தேன். மண் பிடித்த பித்தளையை அப்படியே திருப்பிக் கொடுக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? பழப்புளியில் ஊறப்போட்டு, குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல ஒவ்வொன்றாய்த் தேய்த்தேன். ஐம்பதும் புதுத் தாலிக்கொடி மாதிரி மினுங்கின. கிண்ணத்தை அவருடைய வாசலில் வைத்து, கதவில் தட்டிவிட்டு ஓடிவந்து மாடிப்படியில் ஒளிந்து நின்றேன். எனக்கு அப்போது அறுபது வயதுக்குக் கிட்ட.

அவர் கதவைத் திறந்து, ஒரு கோதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மாடிப்படியைப் பார்த்து, "மிஸிஸ் கே, முப்பது வருஷமாக இதைத் துலக்குகிறேன். எனக்கு ஒருநாளும் இப்படி வந்ததில்லை" என்றார்.

அவர் இங்கிலீஷில் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட தமிழில் எழுதுகிறேன். அவர் இதைவிட அழகாகவும் சொல்லியிருக்கலாம். என் முழுப்பெயர் அவருடைய வாய்க்குள் அடங்கவில்லை, அதனால் மிஸிஸ் கே.

இங்கிலீஷ் படிப்பு

சில கிழமைகளின் பின் அவர் தன் இரண்டு கையையும் என் முன்னே நீட்டிக் காட்டினார். கைகள் ஆடின. துவக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தால் எப்படியோ ஆடாமல் நிற்குமாம். உருகிய ஈயத்தைக் கரண்டியில் அள்ளும்போது நிற்காதாம். ஆடாத கை ஒன்று தேவை என்றார். என் கையைப் பார்த்தார்.

பின் வளவில் பலகையால் அடித்த ஒரு கொட்டில். அதற்குள் ஒரு மின்சார அடுப்பு, ஒரு இரும்புச் சட்டி. அச்சுக்கூடத்தில் கழித்துப்போட்ட ஈயத்தை அதில் உருக்குவார். கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும், புகை கூடாது. வேலை முடிந்தால் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரும் கிட்ட வரக்கூடாது, பட்டால் ஈயம் சீறிப் பாயும்.

ஈயத்தை ஊற்றுகிற அச்சு, பாக்குவெட்டி மாதிரிக் கைபிடி வைத்த இரும்புக் கட்டை. மூடி, துவாரத்துக்குள் ஊற்றி, ஆறவிட்டுத் திறந்தால் உள்ளிருந்து இரண்டு சன்னம் விழும். அவர் முதலில் ஊற்றிக் காட்டினார். விழுந்தவை இரண்டும் முகம் சுருங்கிக் கிழவிகள் மாதிரி இருந்தன. திரும்பவும் சட்டிக்குள் போட்டார். அடுத்த இரண்டும் அப்படியே. பெருமூச்சு விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அச்சுப் பலகாரம் சுட்ட எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். அச்சு எண்ணெய்க்குள் கிடந்து நன்றாய்க் காயாவிட்டால் மா பிடிக்காது. நான் அச்சை அவரிடமிருந்து வாங்கி, அதன் ஒரு மூலையை உருகிய ஈயத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு ஊற்றினேன். இரண்டும் மினுமினுவென்று விழுந்தன.

அவர் தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் எனக்கு வேலை. நான் வார்ப்பதும் பூசுவதும்தான். கோதுக்குள் வெடிமருந்து போட்டு, அதன் வாயில் சன்னத்தை அழுத்திப் பூட்டுவது அவர் மட்டும். அதற்குத் தனி அறை, தனிப் பூட்டு, தனித் திறப்பு. மருந்தும் மிகக் கொஞ்சம், குழந்தைக்குப் பொட்டு வைக்கிற அளவு. அவருடைய மணிக்கட்டு உதையைத் தாங்காது. "கடதாசியில் ஓட்டை போட எதற்கு அதிகம்?" என்பார். சன்னத்தின் முகமும் தட்டையாக இருக்கும், கடதாசியை வட்டமாக வெட்டுவதற்கு.

ஊரில் நான் கேட்ட வெடிக்குக் கணக்கில்லை. அவற்றில் கடதாசியை மட்டும் குறிவைத்தது ஒன்றுகூட இல்லை.

வீட்டில் சொல்லவில்லை. மருமகன் பயந்த மனிதர். எங்கள் விசா அலுவல் அப்போது முடியவில்லை. தபால்காரர் அரசாங்கத்தின் மண்ணிறக் கடித உறை கொண்டுவந்தாலே அவருக்கு வேர்க்கும். மாமியார் கீழே சன்னம் வார்க்கிறா என்று கேட்டால் அவரை ஆஸ்பத்திரியில்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

"செவ்வாய்க்கிழமையில கீழ என்னணை செய்யிறனீங்கள்?" என்று சாந்தி கேட்டாள்.

"இங்கிலீஷ் படிக்கிறன்."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் கண்ட ஆட்களுக்கெல்லாம் சொன்னாள். அங்கே ஒரு பெண், சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு, "மாமி, படிச்சதில நாலு சொல்லுச் சொல்லுங்கோ பாப்பம்" என்றாள்.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஹொட். மோல்ட். ஸ்லோலி. டோன்ட் டச்" என்றேன்.

"பாவம், சமையல்தான் சொல்லிக் குடுக்கிறார்போல" என்றாள் அவள்.

வெள்ளைக் கட்டி

இனிப் பூசுகிற விஷயம். ஈயம் மெத்தென்றது. வெறுமையாகச் சுட்டால் குழலுக்குள் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் சன்னத்தின் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும், அதை மெழுகால் நிரப்ப வேண்டும். சன்னங்களை ஒரு தட்டில் நிரையாய் நிற்கவைத்து, உருக்கிய மெழுகை இடுப்பளவு ஊற்றி, இறுகியதும் தோண்டி எடுப்பேன். தேன்மெழுகோடு ஒரு வெள்ளைக் கட்டியும் சேர்த்து உருக்கச் சொல்லுவார். அவருடைய தகப்பன் காலத்துக் கைப்பக்குவமாம்.

ஒரு வருஷம்போல அந்த வெள்ளைக் கட்டியை உருக்கினேன். ஒருநாள் அவர் அதைச் சுற்றிவந்த கடதாசியோடு மேசையில் வைத்துவிட்டுப் போனார். இறைச்சிக்கடைக் கடதாசி. அதில் மாட்டின் படம். படத்தில் மாடு சிரித்துக்கொண்டு நின்றது.

மாட்டுக் கொழுப்பு.

நான் கொட்டில் வாசலில் குந்திவிட்டேன். ஒரு வருஷமாய் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்திருக்கிறேன், இந்தக் கையால். அம்மனுக்குப் பூச் சாத்தியிருக்கிறேன், இந்தக் கையால். அன்று எத்தனை தரம் முழுகினேன் என்று எனக்கே தெரியாது. சாந்தி வந்து, "தண்ணி பில்லை ஆரணை கட்டுறது?" என்று கத்தினாள்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல என்னிடம் இங்கிலீஷும் இல்லை, வாயும் இல்லை. தகப்பனின் கைப்பக்குவம் என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னவர். இன்னொன்றும் இருந்தது. மாட்டேன் என்றால் அவர் வேறு கை தேடுவார். மேல் வீட்டில் நான் சோறு சமைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஒரு பொருள். கீழே, ஆடாத கை உள்ள ஒரே ஆள்.

அதனால் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். வெள்ளைக் கட்டியை இரவில் குப்பை கிளற வரும் நரிக்குப் போட்டேன். அதன் இடத்தில் நெய்யை ஊற்றினேன். அந்த வருஷம் எங்கள் வளவுக்கு வந்துபோன நரி நன்றாய்க் கொழுத்தது.

மாட்டின் கொழுப்புக்கும் மாட்டின் நெய்க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள்.

குளிர்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. குளிரில் நெய் கல்லாய்க் கிடந்தது. மிஸ்டர் ஹாப்கின்ஸ் நன்றாய்ச் சுட்டார். கிளப்பில் பரிசாக ஒரு சின்ன வெள்ளிக் கரண்டியும் கொடுத்தார்கள். "நான் சுடும்போது கேக் வாசம் வருகிறது என்று பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்கிறார்கள்" என்று அவர் ஒருநாள் சொன்னார். நான் அச்சைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

பாதி செத்த மருந்து

அவர் எனக்குச் சொல்லித்தந்ததில் ஒன்றை மட்டும் மூன்று தரம் சொல்லித்தந்திருக்கிறார். எண்ணெயும் மருந்தும் ஒருநாளும் சேரக்கூடாது. எண்ணெய் பட்ட மருந்து செத்துப்போகும். முழுதாய்ச் செத்தால் பயமில்லை, வெடிக்காது, அவ்வளவுதான். பாதி செத்தால்தான் ஆபத்து. சன்னம் வெளியே போகப் பலம் போதாமல் குழலின் நடுவழியில் நின்றுவிடும். மருந்து ஏற்கெனவே கொஞ்சம் என்பதால் சத்தத்தில் பெரிய வித்தியாசமும் தெரியாது. அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் இரண்டும் முட்டிக் குழல் பிளக்கும்.

ஒரு இரும்புக் குழாய்க்குள் இரண்டு பென்சில் துண்டைத் தள்ளி இதைக் காட்டினார். பிறகு தன் வலக்கை விரல்கள் ஐந்தையும் ஒவ்வொன்றாய் மடக்கினார். அதற்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

கோடை வந்தது. ஒரு கிழமை முழுக்க எங்கள் ஊர் வெயில் மாதிரி எறித்தது. தோட்டாக்களை வைத்துப் பூட்டுகிற அவருடைய அறைக்கு மேற்கு வெயில். சனிக்கிழமை கிளப்பில் பெரிய போட்டி. காலையில் துவக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போனார்.

அவர் போனபின் கொட்டிலைக் கூட்டப் போனேன். மிச்சமாய்ப் பூசி வைத்த சன்னங்கள் தட்டில் ஒரு பேப்பரின்மேல் கிடந்தன. பேப்பர் முழுக்க எண்ணெய். ஒரு சன்னத்தை எடுத்துப் பார்த்தேன். இடுப்புப் பள்ளம் வெறுமை. நெய் முழுக்க இறங்கிவிட்டது.

இங்கே கிடந்தது பேப்பருக்கு இறங்கியது. கோதுக்குள் பூட்டியிருக்கிறது எதற்கு இறங்கியிருக்கும்?

வேலைக்குப் போயிருந்த சாந்திக்கு ரெலிபோன் எடுக்கலாம் என்று ஓடினேன். ரிசீவரைத் தூக்கிய கையோடு நின்றேன். முதலில் நான் இங்கிலீஷ் படிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பிறகு சன்னம் வார்த்ததைச் சொல்ல வேண்டும். பிறகு மாட்டுக் கொழுப்பு, பிறகு நெய். அவள் ஒவ்வொன்றுக்கும் "என்னத்துக்கணை?" என்று கேட்பாள். அதற்குள் அவருடைய கை போய்விடும்.

கொட்டிலில் கிளப்பின் கலண்டர் தொங்கியது, அடியில் விலாசம் இருந்தது. அந்தத் தாளைக் கிழித்தேன். நெய்க்கு இங்கிலீஷ் என்ன என்று தெரியவில்லை, போத்தலையே எடுத்துக்கொண்டேன். வீட்டுச் செருப்போடு இறங்கினேன்.

சிவப்பு விளக்கு

பஸ் வந்தது. சாரதியிடம் தாளைக் காட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என் சாறியைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். "நிச்சயமாகவா, அம்மா?" என்றார். நான் தலையாட்டினேன். ரெயில் பாலத்துக்குக் கிட்ட இறக்கிவிட்டு, எந்த வாசல் என்றும் கையால் காட்டினார்.

பாலத்தின் வளைவுக்குள் கட்டிய நீளமான கட்டிடம். வாசலில் மேசை, மேசையில் ஒரு புத்தகம், அதன் பின்னால் மீசை வைத்த ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால் ஒரு தடித்த கதவு. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே டப், டப் என்று சத்தம்.

"ஹாப்கின்ஸ்" என்றேன்.

"உள்ளே சுட்டுக்கொண்டிருக்கிறார். இதில் கையெழுத்துப் போடுங்கள்."

கையெழுத்துப் போட்டேன், தமிழில். அவர் புத்தகத்தைத் திருப்பி அதை நிதானமாகப் பார்த்தார். "அழகாக இருக்கிறது" என்றார். உள்ளே டப்.

"ஸ்டொப்" என்றேன்.

"என்ன சொன்னீர்கள்?"

"ஸ்டொப்." எனக்கே கேட்கவில்லை.

"விளக்கு மாறும்வரை இருங்கள். தேநீர் அங்கே இருக்கிறது."

எனக்கு என்ன வந்ததென்று தெரியாது. போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்தக் கதவைப் பார்த்து, "ஸ்டொப்!" என்று கத்தினேன். பிள்ளை பெற்றபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை. பாலத்துக்கு மேலே போன ரெயிலில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. எட்டுப் பேரும் காதுக்கு மூடி போட்டிருந்தார்கள்.

வாழ்நாளில் ஒருதரம் சத்தம் போட்டேன், அதுவும் இப்படி.

ஆனால் மீசைக்காரர் எழும்பிவிட்டார். அந்த இடத்தில் ஒரு சட்டம் இருந்தது, எனக்குப் பிறகுதான் தெரியும். யார் நிறுத்து என்று சொன்னாலும் உடனே நிறுத்த வேண்டும். ஏன் என்று பிறகுதான் கேட்கலாம். சொன்னது யார், விசா இருக்கிறதா, எத்தனையாம் வகுப்பு என்றெல்லாம் அந்தச் சட்டத்தில் இல்லை. அவர் சுவரில் இருந்த ஒரு பொத்தானை அமத்தினார். உள்ளே மணி அடித்தது. சத்தம் நின்றது. விளக்கு பச்சையாகியது.

கதவைத் திறந்தார். எட்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவதாக நின்றவர் மிஸ்டர் ஹாப்கின்ஸ். ரிவோல்வரை மேசையில் வைத்திருந்தார். வலக்கை இருந்தது. விரல்களை எண்ணினேன்.

"மிஸிஸ் கே?"

நான் நேரே போய் அவருடைய சன்னப் பெட்டிக்குப் பக்கத்தில் போத்தலை வைத்தேன். படித்த நாலு சொல்லும் மறந்துபோய்விட்டன. தமிழில்தான் வந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. நீங்கள் தந்தது நான் போடேல்லை. இது நெய். வெயிலுக்கு உருகிப்போச்சு. சுடாதேங்கோ, இனி ஒண்டும் சுடாதேங்கோ."

அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் போத்தலை எடுத்து மணந்து பார்த்தார். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து விரலால் தேய்த்து, அதையும் மணந்தார். அவருடைய முகம் மாறியது. ரிவோல்வரைத் திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் வெளியே எடுத்தார். ஒரு மெல்லிய தடியை எடுத்துக் குழலின் வாயால் விட்டார்.

தடி பாதியில் நின்றது.

அங்கே நின்ற எட்டுப் பேரும் அந்தத் தடியைப் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாகக் காது மூடியைக் கழற்றினார். மிஸ்டர் ஹாப்கின்ஸ் அதுவரை மூன்று சுட்டிருந்தாராம். பக்கத்தில் எல்லோரும் சுடுகிற சத்தத்தில் மூன்றாவது பிசகியது அவருக்குக் கேட்கவில்லை. மணி அடித்தபோது நாலாவதற்கு விரல் வைத்திருந்தார்.

மீசைக்காரர் எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். நான் அதில் இருந்துகொண்டேன்.

தடியில் மரச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சன்னத்தை வெளியே எடுத்தார்கள். மிஸ்டர் ஹாப்கின்ஸ் அதை மேசையில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து குனிந்தார்.

"ஏன்?"

அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை சொல் தேவை. நான் சுற்றிவரப் பார்த்தேன். எட்டு வெள்ளைக்காரர். வேறு வழியில்லை. இரண்டு சுட்டுவிரலையும் தலையில் கொம்பு மாதிரி வைத்து, "ம்மா" என்றேன். பிறகு கும்பிட்டேன். பிறகு கையைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அந்த இடத்திலேயே செத்திருப்பேன்.

"எவ்வளவு காலமாக?" என்று கேட்டார்.

"வின்டர்."

"வின்டர் முழுக்கவா?"

"யெஸ்."

"நான் கரண்டி வென்றது?"

போத்தலைக் காட்டினேன்.

அப்போதுதான் அவர் சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர் போத்தலை வாங்கி மணந்து பார்த்து, மற்றவரிடம் கொடுத்தார். கோயிலில் தீபம் சுற்றிவருவதுபோல அது எட்டுப் பேரையும் சுற்றி வந்தது.

அன்றைய போட்டியில் மிஸ்டர் ஹாப்கின்ஸுக்குக் கடைசி இடம். பெட்டியில் இருந்த எதையும் சுட விடவில்லை. அவ்வளவையும் பிரித்து, மருந்தைக் கொட்டி, திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வந்தோம். மடியில் அவருக்குத் துவக்குப் பெட்டி, எனக்கு நெய்ப் போத்தல். இனிச் செவ்வாய்க்கிழமை இல்லை என்று நான் முடிவுசெய்துவிட்டேன். யார்தான் வைத்திருப்பார்கள்?

"என்னிடம் சொல்லியிருக்கலாம், மிஸிஸ் கே" என்றார் கடைசியில்.

"ஸொறி."

"நானும் கேட்டிருக்கலாம்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "செவ்வாய்க்கிழமை தேன்மெழுகு மட்டும். மாடு வேண்டாம். பாலாகவும் வேண்டாம், இறைச்சியாகவும் வேண்டாம். பத்து மணிக்கு வருவீர்களா?"

ஓம் என்று தலையாட்டினேன். அவர் சேட்டின் நெஞ்சுப் பையிலிருந்து அந்தச் சன்னத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தட்டி எடுத்ததில் முகம் நசிந்திருந்தது. இன்னும் நெய் மணத்தது.

ஊரில் நாங்கள் பெண்கள் எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை கோயிலில், பறக்கிற சன்னம் நிற்க வேண்டும், நிற்க வேண்டும் என்று நெய்விளக்கு ஏற்றியிருப்போம். ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் ஒன்று நின்றது. அதையும் நானே பஸ் பிடித்துப் போய், கத்தி, தட்டி வெளியே எடுப்பிக்க வேண்டியதாய்ப் போயிற்று.